மனச்சோர்வு மாத்திரையும் பித்தும் – ஒரு சின்ன வரலாறு

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் பஸ்ஸில் கார்த்திகை மாதத்தில் ஏறிப் பார்த்தால் தெரியும், கூட்டத்தில் இரண்டு விதமானவர்கள் இருப்பார்கள். ஒன்று, சாதாரணமாக நரசிம்மரைக் கும்பிடப் போகிறவர்கள். இன்னொன்று, வீட்டில் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர்கள். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. மேலே யோக நரசிம்மர், எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். பேய் பிடித்தவர், பித்துப் பிடித்தவர், சித்தம் கலங்கியவர் எல்லாரும் தக்கான் குளத்தில் முங்கி எழுந்து மலையேறினால் குணமாகும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. சித்தூர், நகரி, புத்தூர் பக்கமிருந்து தெலுங்கு பேசுகிறவர்களும் வருவார்கள், அரக்கோணம், வேலூர் பக்கமிருந்து தமிழ் பேசுகிறவர்களும் வருவார்கள். நோய்க்கு எல்லைக்கோடு கிடையாதே.

அப்படி அழைத்து வரப்படுகிறவர்களிலும் இரண்டு வகை. ஒருவர் வாயே திறக்க மாட்டார். சாப்பாடு இறங்காது, குளிக்க மாட்டார், மூலையில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். ஓயாமல் பேசுவார், கையிலிருக்கும் பணத்தையெல்லாம் தானம் செய்வார், தன்னையே சாமி என்பார். ஊர் கண்ணுக்கு இவை இரண்டு வேறு வேறு பேய்கள். ஆனால் சிலருக்கு இரண்டும் ஒரே ஆளிடம், ஆறு மாத இடைவெளியில் வரும் என்பதுதான் விஷயமே. முதல் நிலைக்கு மனச்சோர்வு என்று பெயர், இரண்டாவதற்கு மேனியா. நம் வழக்கில் பித்து என்று சொல்லலாம். இரண்டும் மாறி மாறி வந்தால் பைபோலார், அதாவது இருதுருவ நோய். ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பெலின் 1899ல் இதை மனச்சிதைவிலிருந்து தனியே பிரித்துக் காட்டினார். அதற்கு எவ்வளவோ முன்பே அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூலில் கிரிகை நோய் 18 வகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முதல் நிலையில் இருக்கும் ஆளுக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கும்போது. அது சிலரை மூலையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுகிறது. வேறு சிலரை எழுப்புவதோடு நிற்காமல் மலையுச்சிக்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. இன்னும் சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. யாருக்கு எது என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 70 வயது ஆகிறது. அதன் ஆரம்பத்தில் நம் நாட்டு வேர் ஒன்றும் இருக்கிறது.

அந்த வேரின் பெயர் சர்ப்பகந்தா. பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர்கள் கொடுத்து வந்த செடி. பீகார் பக்கம் இதற்கு நேரடியாகவே 'பைத்திய மருந்து' என்று பெயர். 1931ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் இது பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1949ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரிட்டிஷ் பத்திரிகையில் ரத்தக் கொதிப்பு பற்றி எழுதிய பிறகுதான் வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். (பிரிட்டிஷ் பத்திரிகையில் வந்தால்தான் நம் வேருக்கும் மதிப்பு!) 1952ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது. அகமதாபாத் மருத்துவர் ஹக்கீம் 1953ல் இந்த வேரால் மனநோயாளிகள் தெளிவதைப் பற்றி வெளியிட்ட செய்தி நியூயார்க் வரை போய், அங்கே ராக்லண்ட் அரசு மனநல மருத்துவமனையில் இருந்த நேதன் கிளைன் கண்ணில் பட்டது. 1954ல் அவர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பித்து அடங்கியது.

ஆனால் அதே 1954ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார். ரத்தக் கொதிப்புக்காக ரெசர்பினை அதிக அளவில் பல மாதம் சாப்பிட்டவர்களில் சிலர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார்கள். அதாவது மருந்து பித்தைக் கீழே இறக்குகிறது, இறக்குகிறபோது அளவு தெரியாமல் பாதாளம் வரை இறக்குகிறது. மனநிலையை ஒரு வேதிப்பொருளால் கீழே தள்ள முடியும் என்றால் இன்னொன்றால் மேலே தூக்கவும் முடியும் அல்லவா? இந்த யோசனைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. (1955ல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் இருவர் செய்த சோதனையில் ரெசர்பின் சாப்பிட்ட பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தேறினார்கள் என்பது இங்கே ஒரு தனி வேடிக்கை. கதைக்கு வசதிப்படாததால் அந்தச் சோதனையை நெடுநாள் யாரும் பேசவில்லை.)

மேலே தூக்கும் மருந்து தற்செயலாகத்தான் கிடைத்தது. 1952ல் நியூயார்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து வார்டில் ஆட ஆரம்பித்தார்கள், அதன் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. இதையும் 1957ல் மனச்சோர்வுக்குக் கொண்டுவந்தவர் அதே நேதன் கிளைன்தான். ஒரே ஆள், மூன்று நான்கு வருடத்துக்குள் இறக்கும் மருந்துக்கும் ஏற்றும் மருந்துக்கும் வாசல் திறந்துவிட்டார். கல்லீரலைக் கெடுக்கிறது என்று இப்ரோனியாசிட் சில வருடத்திலேயே அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது.

இரண்டாவது மருந்தின் கதைதான் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. சுவிட்சர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற சின்ன ஊர் மனநல மருத்துவமனை. அங்கே ரோலண்ட் கூன் என்ற மருத்துவர். கெய்கி கம்பெனி அவருக்கு ஜி 22355 என்ற எண் போட்ட ஒரு பொருளை மனச்சிதைவுக்குப் பரிசோதித்துப் பார்க்கக் கொடுத்தது. அப்போது குளோர்ப்ரோமசின் என்ற மருந்து 1952ல் பாரிசில் பெரிய வெற்றி பெற்றிருந்ததால் அதைப் போல வேதி அமைப்பு கொண்ட எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் துடித்த நேரம். ஜி 22355 கொடுத்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கு அது உதவவில்லை. அமைதியாக இருந்த சிலர் அதைச் சாப்பிட்டதும் கிளர்ந்தெழுந்து கலாட்டா செய்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மருந்து தோல்வி என்று ஃபைலை மூடியிருப்பார்கள். இங்கே கேள்வி திரும்பியது. இது ஆளைக் கிளப்பிவிடுகிறது என்றால், கிளம்பவே முடியாமல் கிடப்பவருக்குக் கொடுத்தால் என்ன? 1956 ஜனவரியில் மனச்சோர்வு நோயாளிக்குக் கொடுத்தார்கள், தேறினார். 1957ல் கூன் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த மருந்துதான் இமிப்ரமின். இன்றும் நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மனச்சோர்வு மாத்திரை பித்தைக் கிளப்பும் என்பது பல வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்ட பக்கவிளைவு அல்ல. அந்த மருந்தின் குணத்தை முதலில் காட்டிக்கொடுத்ததே அதுதான். மனச்சோர்வுக்கு அது மருந்து என்று தெரிவதற்கு முன்பே, சைக்கோசிஸ் உள்ளவரை அது கலைத்துவிடும் என்று தெரிந்திருந்தது. (மூன்ஸ்டர்லிங்கனில் அந்தக் காலத்தில் நோயாளிகளிடம் சம்மதம் கேட்காமலே பல பொருள்களைச் சோதித்தார்கள் என்று சூரிக் வரலாற்றாசிரியர்கள் 2019ல் விரிவான ஆய்வு வெளியிட்டார்கள். கூனின் பெருமையோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

காமர்ஸ் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பித்தை அடக்கும் ரெசர்பினைக் கொண்டுவந்த சீபாவும் சோர்வை எழுப்பும் இமிப்ரமினைக் கொண்டுவந்த கெய்கியும் பாசல் என்ற ஒரே ஊர்க் கம்பெனிகள். 1970ல் இரண்டும் இணைந்தன. 1996ல் சாண்டோஸும் சேர்ந்து நோவார்டிஸ் ஆனது. நம் சர்ப்பகந்தாவோ தோண்டித் தோண்டி எடுக்கப்பட்டு, இன்று சர்வதேச வணிகத்தில் கட்டுப்பாடு உள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, யாருக்கும் லாபம் தராத ஒரு மருந்தும் அதே காலத்தில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர். ஊர் திரும்பி மெல்பர்ன் அருகே பன்டூராவில் ஒரு பழைய சமையலறையில் கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர், லித்தியம் உப்பு அவற்றை மந்தமாக்குவதைப் பார்த்தார். முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949ல் கட்டுரை வந்தது. வருடக்கணக்கில் பித்தில் இருந்த முதல் நோயாளி வீட்டுக்கே திரும்பிவிட்டார். ஆனால் அவர் பிறகு மருந்தை விட்டார், நோய் திரும்பியது, மறுபடி ஆரம்பித்தபோது 1950ல் லித்தியம் விஷமேறி இறந்தார். கேட் பயந்துபோய் தன் ஆஸ்பத்திரியில் லித்தியத்தையே நிறுத்திவிட்டார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ 1954 முதல் விடாமல் சோதித்து, ரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுத்தால் பயமில்லை என்று நிலைநாட்டியதால்தான் அது பிழைத்தது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1970ல். மண்ணில் கிடைக்கும் சாதாரண உப்புக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனி முன்வரும்? இன்றுவரை மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்கள் தெரிந்த அளவுக்கு லித்தியத்தின் பெயர் வெளியே தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? சென்னையில் 1794லேயே மனநோயாளிகளுக்கு விடுதி வந்துவிட்டது. 1871ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் மனதளவில் அது மிகத் தூரமான இடம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஒரு வசவாகவே ஊர்ப்பெயர் ஆகிவிட்டதே! சினிமா காமெடிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். புது மருந்துகள் வந்து பூட்டிய வார்டுகள் திறந்த காலம் அது. பிறகு 1984ல் ஸ்கார்ஃப் என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கி மனச்சிதைவு நோயாளிகளுக்காக உழைத்தார். 2021ல் காலமானார்.

சரி, ஒரே நோயாளிக்கு இரண்டு துருவம் இருந்தால் எந்த மருந்து? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவே முதலில் நோயைப் பிரித்தாக வேண்டும். ஜெர்மனியில் கார்ல் லியோன்ஹார்ட் 1957ல் சோர்வு மட்டும் வருகிறவர் வேறு, சோர்வும் பித்தும் வருகிறவர் வேறு என்றார். 1966ல் ஜூல்ஸ் ஆங்ஸ்ட், கார்லோ பெரிஸ் இருவரும் தனித்தனியே குடும்ப விவரங்களோடு அதை உறுதிசெய்தார்கள். 1970களில் அமெரிக்காவில் வில்லியம் பன்னி குழுவினர் சோர்விலிருந்து பித்துக்கு ஆள் 'மாறும்' அந்த நேரத்தையே குறிவைத்து ஆராய்ந்தார்கள். 1979ல் வேர், குட்வின் என்ற இருவர், இமிப்ரமின் வகை மருந்துகள் சிலருக்குச் சுழற்சியை வேகப்படுத்துகின்றன, வருடத்துக்கு ஒருமுறை வந்தது அடிக்கடி வர ஆரம்பிக்கிறது என்றார்கள்.

பிறகு புரோசாக் யுகம். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் 1980களின் கடைசியிலிருந்து வந்தன. 1994ல் பீட் என்பவர் பழைய சோதனைகளைக் கூட்டிக் கணக்குப் போட்டார். பைபோலார் நோயாளிகளில் பழைய வகை சாப்பிட்டவர்களில் 11.2 சதவீதம் பேருக்குப் பித்து வந்திருக்கிறது. புதுவகையில் 3.7 சதவீதம். வெற்று மாத்திரையில் 4.2 சதவீதம். ஆக எல்லா மனச்சோர்வு மாத்திரையும் ஒன்றல்ல என்று எண்ணிக்கையில் தெரிந்தது. 2006ல் இன்னொரு சோதனையில் வென்லாஃபாக்சின் என்ற மருந்து, செர்ட்ராலினையும் புப்ரோபியானையும்விட அதிகம் பேரைப் பித்துக்குத் தள்ளியது. புப்ரோபியான் பித்து விஷயத்தில் கொஞ்சம் சாது என்றாலும் டோபமைனைக் கூட்டுவதால், குரல் கேட்பது, சந்தேகம் போன்ற சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு எச்சரிக்கையோடுதான் கொடுக்கிறார்கள்.

சைக்கோசிஸ் என்ற பக்கத்தையும் பார்த்துவிடலாம். சிலருக்கு மனச்சோர்வு முற்றி, 'என் உடம்பு உள்ளே அழுகிவிட்டது', 'நான் செய்த பாவத்தால் குடும்பமே அழியப்போகிறது' என்று உறுதியாக நம்ப ஆரம்பிப்பார்கள். இவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் அவ்வளவாகப் போதாது என்பது பழைய அனுபவம். கூடவே சைக்கோசிஸ் மருந்தும் வேண்டும். 2009ல் 259 பேரை வைத்து நடந்த சோதனையில் ஓலன்சபினோடு செர்ட்ராலினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 41.9 சதவீதம் பேர் தேறினார்கள், ஓலன்சபின் மட்டும் கொடுத்தவர்களில் 23.9 சதவீதம்தான். ஆக இங்கே மனச்சோர்வு மாத்திரை எதிரி அல்ல, துணையில்லாமல் போவதுதான் ஆபத்து.

பைபோலாரிலும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2014ல் வந்த ஆய்வில், மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகச் சாப்பிட்ட பைபோலார் நோயாளிகளுக்கு அடுத்த மூன்று மாதத்தில் பித்து வரும் அபாயம் சுமார் 2.8 மடங்கு ஆனது. லித்தியம் போன்ற மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2007ல் அமெரிக்காவில் 366 பேரை வைத்துச் செய்த சோதனையில், சமன்படுத்தும் மருந்தோடு மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்தவர்களில் 23.5 சதவீதம் பேர் நிலையாகத் தேறினார்கள், வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 சதவீதம். கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை! அதனால்தான் இப்போது பைபோலார் சோர்வுக்கு மருத்துவர்கள் முதலில் க்வெட்டியாபின், லித்தியம், லாமோட்ரிஜின், லுராசிடோன் பக்கம் போகிறார்கள். மனச்சோர்வு மாத்திரை அதற்குப் பிறகு, துணையோடுதான்.

மருந்துப் பட்டியல் தெளிவாகத்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்த, எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த வகை என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே? சந்தோஷமாக இருக்கும்போது யாரும் டாக்டரிடம் போவதில்லை. சோர்வில்தான் போவார்கள், அப்போது பழைய பித்து அவர்களுக்கே ஞாபகம் இருக்காது, அல்லது 'அந்த நாலு மாசம் நல்லா இருந்தேன்' என்பார்கள். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்பார். அங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. சித்தப்பா ஒருவர் பல வருடம் சோளிங்கர் மலையடிவாரத்தில் கிடந்தார், அத்தை ஒருத்தி பிள்ளை பெற்ற பத்தாம் நாள் புத்தி பேதலித்தார் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சு முறிந்துவிடும் என்று மூடி மறைத்த விஷயங்கள். பெண் வீட்டாரிடம் மறைத்ததை டாக்டரிடமும் மறைப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த கலக்கம், சின்ன வயதிலேயே ஆரம்பித்த சோர்வு, குடும்பத்தில் பைபோலார், முன்பு ஏதோ மாத்திரை சாப்பிட்டு ஒரே வாரத்தில் 'ஓவராக' ஆனது, இவை நான்கும்தான் டாக்டர் தேடும் தடயங்கள். நான்குமே வீட்டுக்காரர் வாயிலிருந்து வர வேண்டியவை. அது வராதபோது, மலிவான அமிட்ரிப்டிலினோ ஃப்ளூவாக்ஸெடினோ சீட்டில் எழுதப்படும். சில இடங்களில் சீட்டே இல்லாமல் கடையிலும் கிடைத்துவிடும், சட்டப்படி சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றாலும். இரண்டு வாரத்தில் ஆள் தூக்கமில்லாமல் பாட ஆரம்பித்ததும், 'பேய்தான், அப்பவே சொன்னோமே' என்று மறுபடி பஸ் ஏறுவார்கள். மாத்திரை கிளப்பிவிட்டது என்று யாருக்கும் தோன்றாது.

கோயிலில் பலன் இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம், மருந்தில்லாமல், நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. அடி உதை இல்லாத, ஆதரவான இடம் அது. அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6ல், ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். 2017ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது.

லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மலையேறுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்து நடந்து வருகிறவர்கள் வியர்வையில் உப்பும் நீரும் இழப்பார்கள், சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார்கள். கால்வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவார்கள். இந்த மூன்றும் ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டியது 1.5ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்று விஷமாகும். அதைப் பார்ப்பவர்கள் சாமி வந்திருக்கிறது என்று திருநீறு பூசிவிடக்கூடாது.

மாத்திரையை எவ்வளவு நாள் தொடர்வது என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை. 2023ல் லட்சுமி யாத்தம் தலைமையில் கனடா, தென் கொரியா, இந்தியா மூன்று நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை வெளிவந்தது. பைபோலார் சோர்வு தெளிந்த 177 பேர். எல்லாரும் சமன்படுத்தும் மருந்து சாப்பிடுகிறவர்கள். ஒரு பாதிக்கு எஸ்சிட்டாலோபிராம் அல்லது புப்ரோபியானை 52 வாரம் தொடர்ந்தார்கள், மறுபாதிக்கு 8 வாரத்தில் நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 46 சதவீதம் பேருக்கும் நோய் ஏதோ ஒரு ரூபத்தில் திரும்பியது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல. பிரித்துப் பார்த்தால், தொடர்ந்தவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சோர்வு திரும்பியது, நிறுத்தியவர்களில் 40 சதவீதம். பித்தோ தொடர்ந்தவர்களில் 12 சதவீதம், நிறுத்தியவர்களில் 6 சதவீதம்.